கோர்ஃபு நகரில் ஈஸ்டர்: முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரேக்க நாட்டின் வடமேற்கு ஓரத்தில், அயோனியக் கடலில் உள்ள கோர்ஃபு தீவின் பழைய நகரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை காலை 11 மணிக்கு, வீட்டுப் பால்கனிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய மண்சாடிகளைத் தெருவில் போட்டு உடைக்கிறார்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு, அதை நேரில் காண வேண்டும் என்ற ஆசையில் புறப்படுகிறவர்கள் பலர். ஆனால் சாடிகள் உடைவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்காக மட்டும் வந்து நிற்பவருக்குப் பெருத்த சத்தமும் தெறிக்கும் ஈரமும்தான் மிஞ்சும். முந்தைய நாள் மாலை முழுவதும் அதே தெருக்களில் துக்க இசைக்குப் பின்னால் நடந்தவருக்கு மட்டுமே, அந்தச் சத்தத்தில் ஒரு நகரமே துயரத்தை உதறி எழுவது புரியும். ஆகவே, ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழன் மாலைக்குள் நகரத்தை அடைந்து, ஈஸ்டர் ஞாயிறு நண்பகல் வரையாவது அங்கே தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அதை முன்வைத்தே அமைந்தவை.

முதலில் தேதியைச் சரிபாருங்கள்

நம் வீட்டு நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் ஈஸ்டர் தேதியை நம்பி விமானச் சீட்டு வாங்கிவிடக் கூடாது. கிரேக்கத்தின் மரபுவழித் திருச்சபை ஈஸ்டர் தேதியைப் பழைய ஜூலியன் நாட்காட்டியின் அடிப்படையில் கணக்கிடுவதால், கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபைகளின் ஈஸ்டரும் கிரேக்க ஈஸ்டரும் பல ஆண்டுகளில் வெவ்வேறு நாட்களில் வருகின்றன. 2027-இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 28 அன்றும், கிரேக்க ஈஸ்டர் மே 2 அன்றும் வருகின்றன. இடையில் ஐந்து வாரங்கள். 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன. 2028-இல் மீண்டும் ஏப்ரல் 16 அன்று ஒன்றாக வரும். இப்படி இரண்டும் ஒன்றாக வரும் ஆண்டில் ஐரோப்பா முழுவதும் ஒரே நேரத்தில் விடுமுறையில் இருக்கும் என்பதால், அறை கிடைப்பதும் கடினம், விலையும் அதிகம். தேதிகள் விலகி வரும் ஆண்டைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதுவே நல்லது. கிரேக்க ஈஸ்டர் பெரும்பாலும் பிந்தி வருவதால் வானிலையும் சற்றே கனிந்திருக்கும்.

விசாவும் வழியும்

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் வசிப்பு உரிமை பெற்றிருப்பவர்கள் அந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் வைத்துக்கொண்டே செல்லலாம். ஆனால், பிரிட்டனில் வசித்தாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருப்பவர்களுக்கு இந்த விசா வேண்டும் என்பதைச் சிலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறையாமல் விண்ணப்பித்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். வசந்த காலத்தில் விசா மையங்களில் நேரம் ஒதுக்கிப் பெறுவதே சிரமமாகிவிடுவதால், ஜனவரி மாதமே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஏதென்ஸிலிருந்து கோர்ஃபுவுக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். விமான நிலையம் நகரத்தின் தெற்கு விளிம்பிலேயே இருக்கிறது. டாக்சியில் சில நிமிடங்களில் பழைய நகரத்தின் வாசலை அடைந்துவிடலாம். விமானச் சீட்டு கிடைக்காவிட்டால், ஏதென்ஸிலிருந்து பேருந்தில் இகுமெனிட்சா துறைமுகம் வரை சென்று, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடவோ குறையவோ ஆகும் கப்பலில் கடக்கலாம். இது ஒரு பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் வழி. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஏதென்ஸ்வாசிகள் பெருங்கூட்டமாகத் தங்கள் சொந்த ஊர்களுக்குப் போவார்கள் என்பதால், வியாழன், வெள்ளி ஆகிய நாட்களில் பேருந்தும் கப்பலும் நிரம்பி வழியும். புதன்கிழமையே போய்ச் சேருவது உடலுக்கும் மனதுக்கும் நிம்மதி.

எங்கே தங்குவது

இந்த ஒரு முடிவில்தான் பயணம் முழுவதும் தங்கியிருக்கிறது. நடந்து போய்வரும் தூரத்தில் தங்குங்கள். புனித வெள்ளி மாலையிலிருந்து ஊர்வலங்களுக்காகச் சாலைகளை மூடிவிடுவார்கள். பேருந்துகள் வழி மாறும். நள்ளிரவு கடந்தபின் டாக்சி கிடைக்காது. தொலைவில் உள்ள கடற்கரை விடுதி எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மூன்று நாட்களுக்கு அது பயன்படாது.

பழைய நகரம் கிழக்கே பழைய கோட்டைக்கும் மேற்கே புதிய கோட்டைக்கும் நடுவில் நெருக்கி அமைந்தது. 1386 முதல் 1797 வரை வெனிஸ் அரசின் கீழ் இருந்த காலத்தில், மதில்களுக்குள்ளேயே மக்கள் வாழ வேண்டியிருந்ததால், நகரம் பக்கவாட்டில் விரிய இடமின்றி மேல்நோக்கி வளர்ந்தது. நான்கைந்து மாடிகள் கொண்ட ஒல்லியான வீடுகளும், அவற்றுக்கு நடுவே இருவர் ஒதுங்கி நடக்கும் அளவிலான கந்தூனியா எனப்படும் சந்துகளும் அப்படி உருவானவையே. 2007-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கே அறை எடுப்பவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஒன்று, மின்தூக்கி இருக்கிறதா என்பது. பெரும்பாலான பழைய வீடுகளில் இருக்காது, படிகளும் செங்குத்தானவை. மற்றொன்று, வாகனம் எதுவரை வரும் என்பது. சந்துகளுக்குள் வண்டி நுழையாது, கல் பாவிய தரையில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் தெற்கே உள்ள கரிட்சா வளைகுடாவை ஒட்டிய பகுதியைப் பார்க்கலாம். அங்கிருந்து கடலோரமாகச் சமதரையில் நடந்து நகரத்தை அடையலாம்.

நகரத்தின் பெரிய திடலான ஸ்பியனாடாவைப் பார்த்திருக்கும் பால்கனியுள்ள அறைகள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும், விலையும் மிக அதிகம். அந்தப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை என்றே நான் சொல்வேன். மேலிருந்து பார்ப்பவர் காட்சியைப் பார்க்கிறார். கீழே நிற்பவரோ கூட்டத்தில் ஒருவராகிறார்.

வியாழன் வரை செய்ய வேண்டியவை

அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் புனித வெள்ளியன்று நண்பகலுக்குப் பிறகே திறக்கும். ஈஸ்டர் ஞாயிறன்று மூடியே இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியவற்றைப் புதனும் வியாழனும் பார்த்துவிடுங்கள். பழைய கோட்டைக்குப் போகும் பாலத்தின் கீழே கடல்நீர் ஓடும் அகழியை நின்று பாருங்கள். திடலின் வடக்கே உள்ள புனித மிக்கேல், புனித ஜார்ஜ் அரண்மனை, ஆங்கிலேயர் இத்தீவுகளைத் தங்கள் பாதுகாப்பில் வைத்திருந்தபோது ஆணையருக்காகக் கட்டியது. இப்போது அது ஆசியக் கலை அருங்காட்சியகம், அதில் இந்தியச் சிற்பங்களும் உண்டு. திடலின் மேற்கு ஓரத்தில் வளைவுகளோடு நிற்கும் லிஸ்டன் கட்டிட வரிசை பிரெஞ்சுக்காரர் காலத்தது. அதன் எதிரே உள்ள புல்வெளியில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற கிரிக்கெட் வேரூன்றிவிட்டது. கிரேக்கத்தில் கிரிக்கெட் என்றாலே கோர்ஃபுதான்.

தவறவிடக் கூடாத இடம் புனித ஸ்பிரிடோன் ஆலயம். 1589-இல் கட்டப்பட்டது, சிவந்த குவிமாடம் கொண்ட அதன் மணிக்கூண்டு நகரத்தில் எங்கிருந்தும் தெரியும். ஸ்பிரிடோன் நான்காம் நூற்றாண்டில் சைப்ரஸில் வாழ்ந்த ஆயர். கான்ஸ்டான்டிநோபிளில் வைக்கப்பட்டிருந்த அவரது திருவுடல், 1453-இல் அந்நகரம் வீழ்ந்தபின் இங்கே கொண்டுவரப்பட்டது. பஞ்சம், கொள்ளைநோய், முற்றுகை என எந்த இடர் வந்தபோதும் அவரே காத்தார் என்பது தீவு மக்களின் நம்பிக்கை. ஆண்டுக்கு நான்கு முறை அவரை ஊர்வலமாக எடுத்துச் செல்கிறார்கள். அவற்றில் இரண்டு, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்றும் புனித சனிக்கிழமையன்றும் வருகின்றன. குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் 1629-இல் வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கான நன்றி. தீவின் ஆண்களில் எத்தனையோ பேருக்கு ஸ்பிரோஸ் என்று பெயர் இருப்பதைக் கடைத்தெருவிலேயே கேட்கலாம். இந்த உறவை அறிந்துகொண்டு ஆலயத்துக்குள் சில நேரம் அமைதியாக அமர்ந்திருந்தால், சனிக்கிழமை காலை உங்கள் முன்னால் கடந்து செல்லப்போகிறவர் யார் என்பது தெரிந்திருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்து செல்லுங்கள். வழிபாடு நடக்கும்போது படம் எடுக்க வேண்டாம்.

வியாழன் மாலை எல்லா ஆலயங்களிலும் பன்னிரு நற்செய்திப் பகுதிகளை வாசிக்கும் நீண்ட வழிபாடு நடக்கும். முழுவதும் நிற்க முடியாவிட்டாலும் ஒரு பகுதிக்காவது போய்வாருங்கள். அன்று வீடுகளில் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். நகராட்சி வெளியிடும் அந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தரும் நேரங்கள் பொதுவான வழக்கத்தைச் சொல்பவை. சரியான நேரத்தை நிரலே சொல்லும்.

புனித வெள்ளி: நடக்க வேண்டிய நாள்

கிரேக்கத்தின் மற்ற ஊர்களில் புனித வெள்ளி இரவு ஒரே நேரத்தில் எல்லா ஆலயங்களிலிருந்தும் எப்பிதாஃபியோ புறப்படும். கிறிஸ்துவை அடக்கம் செய்யும் காட்சியைத் தைத்த துணியைப் பூக்களால் மூடிய ஒரு சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கிச் செல்வதே எப்பிதாஃபியோ. கோர்ஃபுவில் ஆலயங்கள் மிகுதி, தெருக்களோ குறுகலானவை என்பதால், பிற்பகலிலிருந்தே ஒவ்வோர் ஆலயமும் தனக்குரிய நேரத்தில், தனக்குரிய வழியில் புறப்படுகிறது. கடைசியாக, இரவு 10 மணியளவில், ஆயரின் தலைமை ஆலயமான பேராலயத்தின் எப்பிதாஃபியோ வருகிறது. ஆகவே ஓரிடத்தில் இருக்கை பிடித்து உட்கார்ந்துகொள்வது இந்த நாளுக்குப் பொருந்தாது. பிற்பகலில் பழைய நகரத்தின் காம்பியெல்லோ பகுதியின் சந்துகளில் தொடங்குங்கள். அங்கே இருபது முப்பது பேர் மட்டும் பின்தொடரும் சிறு ஆலயத்தின் ஊர்வலம், சுவருக்கும் சுவருக்கும் நடுவே நிறைந்து, உங்களை உரசிக்கொண்டு போகும். சீருடை அணிந்த சிறுவர்கள் விளக்குகளையும் கொடிகளையும் ஏந்தி முன்னால் வருவார்கள். பாடகர் குழு நான்கு குரல்களில் பாடும். கிரேக்கத்தின் பிற பகுதிகளில் கேட்கும் பைசாந்திய ஒற்றைக் குரல் இசையிலிருந்து மாறி, இத்தாலியச் சாயல் ஏறிய பாட்டு இது.

இருட்டியதும் திடலின் பக்கம் வந்துவிடுங்கள். இனிமேல்தான் வாத்தியக் குழுக்களின் நேரம். கோர்ஃபுவின் ஃபில்ஹார்மோனிக் கழகங்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளாமல் இந்த இரவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில், ஊர்வலங்களில் வாசித்துவந்த ராணுவ வாத்தியக் குழுக்கள் பங்கேற்பதை நிறுத்திக்கொண்டபோது, நகரத்தார் தங்களுக்கென்று ஓர் இசைக் கழகத்தை 1840-இல் தொடங்கினார்கள். அதுவே இன்று பழைய ஃபில்ஹார்மோனிக் என்று அழைக்கப்படுவது. பின்னாளில் கிரேக்க நாட்டுப் பண்ணாக ஆன பாடலுக்கு இசையமைத்த நிகோலாஸ் மன்ட்ஸாரோஸ் அதன் முதல் இசைத் தலைவர். அவர் பெயர் தாங்கிய மன்ட்ஸாரோஸ் ஃபில்ஹார்மோனிக் 1890-இலும், கபோதிஸ்திரியாஸ் ஃபில்ஹார்மோனிக் 1980-இலும் தோன்றின. இக்கழகங்கள் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இசை கற்பிப்பவை. ஊர்வலத்தில் கிளாரினெட் வாசித்துச் செல்லும் சிறுமியை ஓரத்தில் நின்று அவள் பாட்டி கண்கலங்கப் பார்ப்பதற்குக் காரணம், அந்தப் பாட்டியின் அண்ணன் தம்பிகளும் அதே கழகத்தில் வாசித்தவர்களாக இருப்பார்கள் என்பதுதான்.

பேராலய ஊர்வலத்தில் பழைய ஃபில்ஹார்மோனிக், அல்பினோனியின் பெயரில் வழங்கும் அடாஜியோவை வாசிக்கும். மன்ட்ஸாரோஸ் குழு வெர்டியின் துக்க அணிநடை இசையையும், கபோதிஸ்திரியாஸ் குழு ஷோப்பானின் துக்க அணிநடை இசையையும் வாசிக்கும். குழுக்கள் இடைவெளி விட்டு வருவதால், ஒரு குழுவின் இசை தெருமுனையில் திரும்பித் தேய்ந்துபோகும்போதே அடுத்த குழுவின் முரசொலி தொலைவில் எழும். சந்து வளையும் இடங்களில் நின்று கேளுங்கள். கல்சுவர்கள் பித்தளை வாத்தியங்களின் ஒலியை வாங்கித் திருப்பித் தரும் இடங்கள் அவை. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு ஒரு குழுவையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுமையாகக் கேட்குமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நடத்தை விதிகள் எளியவை. எப்பிதாஃபியோ கடக்கும்போது உட்கார்ந்திருந்தால் எழுந்து நில்லுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். வாத்தியக் குழுவுக்கும் சப்பரத்துக்கும் இடையே குறுக்கே ஓடாதீர்கள். பளிச்சிடும் ஒளியோடு படம் எடுக்காதீர்கள். சுற்றிலும் நிற்பவர்கள் தங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்ததைப் போலவே நிற்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

சனிக்கிழமை காலை

விடியற்காலை 6 மணிக்குப் பனாயியா தோன் க்ஸேனோன் ஆலயத்தில், கிறிஸ்துவின் உயிர்ப்பின்போது நிலம் அதிர்ந்ததாக நற்செய்தி சொல்வதை நினைவுகூர்ந்து, செயற்கையாக ஒரு நில அதிர்வை உண்டாக்குவார்கள். இருக்கைகளை உலுக்கி, தரையைத் தட்டி எழுப்பும் ஓசை அது. ஆலயம் சிறியது, கூட்டம் நெருக்கும். வெள்ளி இரவு தாமதமாகப் படுத்தவர்கள் இதை விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

9 மணிக்குப் புறப்படும் புனித ஸ்பிரிடோன் ஊர்வலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் தீவைப் பஞ்சம் வாட்டியபோது தானியம் ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்ததை மக்கள் புனிதரின் அருளாகக் கொண்டார்கள். அந்த நன்றியே இந்த ஊர்வலம். 1574-இல் வெனிஸ் ஆட்சியாளர்கள் புனித வெள்ளி ஊர்வலத்துக்குத் தடை விதித்ததால், இந்த ஆலயத்தின் எப்பிதாஃபியோவையும் சனிக்கிழமைப் புனிதரோடு சேர்த்தே எடுத்துச் செல்லும் வழக்கம் ஏற்பட்டு இன்றுவரை நிற்கிறது. கண்ணாடி பதித்த பேழையில் நிமிர்ந்து நிற்கும் நிலையில் புனிதர் வருவார். பழைய ஃபில்ஹார்மோனிக் குழு, ஃபிராங்கோ ஃபாச்சியோ இயற்றிய ஹாம்லெட் இசைநாடகத்தின் துக்க இசையை அப்போது வாசிக்கும். முந்தைய இரவின் எந்த இசையையும்விட எனக்கு நெஞ்சைப் பிழிவது இதுதான். காலை வெயிலில், கடலோரத்தில், அத்தனை துயரமான இசையைக் கேட்பதனாலோ என்னவோ.

ஊர்வலத்தையும் சாடி உடைப்பையும் இரண்டையும் காண வேண்டுமானால், 8 மணிக்கே லிஸ்டனுக்கு எதிரே திடலின் ஓரத்தில் நின்றுவிடுங்கள். சிவப்புத் துணி தொங்கும் பால்கனிகளின் நேர் கீழே நிற்க வேண்டாம். காவலர்கள் கட்டியிருக்கும் கயிற்றுக்கு இப்பால் இருங்கள். 11 மணிக்கு மணிகள் ஒலித்து முதல் உயிர்ப்பு, அதாவது நள்ளிரவுக்கு முன்பே காலையில் அறிவிக்கும் உயிர்ப்பு, அறிவிக்கப்பட்டதும், போதிதேஸ் எனப்படும் ஒடுங்கிய வாயும் இரு காதுகளும் கொண்ட சாடிகள் விழத் தொடங்கும். பெரியவற்றை இருவர் மூவர் சேர்ந்து தூக்கித் தள்ளுவார்கள். வெனிஸ் மக்கள் புத்தாண்டில் பழைய பொருள்களைச் சன்னல் வழியே எறிந்த வழக்கத்திலிருந்து இது வந்தது என்பர் சிலர்; ‘குயவன் கலத்தைப் போல உடைத்துப்போடுவீர்’ என்னும் பொருளில் வரும் விவிலியத்தின் இரண்டாம் திருப்பாடலின் அடியைச் சுட்டுவர் வேறு சிலர். எப்படியாயினும், முதல் அலை ஓய்ந்ததும் ஓடிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்காதீர்கள். தாமதமாக விழும் சாடிகளே ஆபத்தானவை. கூட்டம் முழுவதும் உள்ளே நகரத் தொடங்கிய பிறகு நீங்களும் போகலாம். ஒரு சில்லை எடுத்துச் செல்வது நற்பேறு என்று உள்ளூரார் கருதுகிறார்கள். முழுதாக மூடிய, அடிப்பகுதி வழுக்காத காலணி இன்றைக்குக் கட்டாயம். தரை முழுவதும் ஈரமும் கூரிய ஓட்டுச் சில்லுகளும் கிடக்கும். சிறு குழந்தைகளைத் தோளில் ஏற்றாமல், கூட்டத்தின் பின்புறத்தில் காதுகளைப் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

சாடிகள் ஓய்ந்த மறுகணமே வாத்தியக் குழுக்கள் துள்ளும் அணிநடை இசையோடு திரும்பி வரும். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் குனிந்த தலையோடு ஹாம்லெட் இசையை வாசித்துப் போனவர்களே இவர்கள். வெள்ளியன்று நடந்தவர்களுக்குத்தான் இந்தத் திருப்பம் உடம்பில் ஏறும்.

சனிக்கிழமை இரவு

பிற்பகலில் கட்டாயம் உறங்குங்கள். கடைகளில் விற்கும் வெள்ளை மெழுகுதிரியும், காற்றைத் தடுக்கும் காகித அல்லது பிளாஸ்டிக் கிண்ணமும் ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு 11 மணிக்குள் ஸ்பியனாடாவின் மேல்திடலில், இசை மேடை தெரியும்படி நிற்க வேண்டும். நள்ளிரவில் ஆயர் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்று பாடத் தொடங்கியதும், கையிலிருந்து கைக்குச் சுடர் பரவும். பக்கத்தில் நிற்பவர் தாமாகவே உங்கள் திரியைப் பற்றவைப்பார். அவர் ‘கிறிஸ்தோஸ் அனெஸ்தி’ என்றால் நீங்கள் ‘அலிதோஸ் அனெஸ்தி’ என்று மறுமொழி சொல்ல வேண்டும். அதே கணத்தில் வாண வேடிக்கை வெடிக்கத் தொடங்கும். அதன் ஓசைக்குக் கைக்குழந்தைகள் மிகவும் அஞ்சுவார்கள் என்பதால், அவர்களோடு வருபவர்கள் கரிட்சா கடலோரத்தில் தொலைவாக நின்று பார்ப்பது நல்லது. சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், நிலைக்கதவின் மேல் புகையால் சிலுவை வரைவது மக்கள் வழக்கம். உங்கள் விடுதிக்காரர் அனுமதித்தாலன்றி அதைச் செய்ய வேண்டாம். திரும்பும் வழியில் உருகி விழுந்த மெழுகால் தெருக்கள் வழுக்கும். முதியவர்களைக் கைபிடித்து நடத்துங்கள்.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்களுக்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல வாரம் கிடைப்பது அரிது. நோன்பு காக்கும் கிரேக்கர்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்பதால், சனிக்கிழமை வரை உணவகங்களிலும் அடுமனைகளிலும் ‘நிஸ்திசிமா’ என்னும் நோன்பு உணவுகள் தாராளமாகக் கிடைக்கும். வெள்ளை மொச்சை வேகவைத்த யிகான்தெஸ், பீன்ஸ் சாறான ஃபசோலாதா, அரிசி பொதிந்த திராட்சை இலை, எள் அல்வா ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். கோர்ஃபுவுக்கே உரிய சிகரெல்லி என்னும் கீரைக் குழம்பில் மிளகாய்க் காரம் உண்டு. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: கணவாய், இறால், நண்டு போன்றவை நோன்பில் அனுமதிக்கப்பட்டவை. ஆகவே ‘நிஸ்திசிமா’ என்று சொன்னால் போதாது, கடல் உணவும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நள்ளிரவு கடந்ததும் நிலைமை தலைகீழாகிறது. நோன்பு முறிக்கும் உணவு, ஆட்டுக்குட்டியின் குடல், ஈரல் முதலியவற்றை எலுமிச்சையும் முட்டையும் சேர்த்துச் சமைக்கும் சிலிஹூர்தா என்னும் சாறு. ஞாயிறு முழுவதும் இறைச்சியே ஆட்சி செய்யும். பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும். சைவர்கள் சனிக்கிழமை பிற்பகலுக்குள் ரொட்டி, பழம், பருப்பு வகைகளை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். இனிப்பான ஃபோகாட்சா ரொட்டியையும், புறா வடிவில் பின்னிச் சிவப்பு முட்டை பதித்த கொலம்பினாவையும் எல்லா அடுமனைகளிலும் காணலாம். இவற்றில் முட்டையும் வெண்ணெயும் உண்டு.

ஞாயிறும் திரும்புதலும்

ஞாயிறு அதிகாலையிலிருந்து ஒவ்வோர் ஆலயமும் உயிர்ப்பின் திருவோவியத்தை ஊர்வலமாக எடுத்துவரும். இரவு விழித்திருந்த பயணிகள் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருப்பதால், இந்த ஊர்வலங்களில் உள்ளூர் மக்களே நிறைந்திருப்பார்கள். வெள்ளியன்று நீங்கள் பின்தொடர்ந்த அதே சிறு ஆலயத்தின் ஊர்வலத்தைத் தேடிப்போய்ப் பாருங்கள்.

சில நடைமுறைக் குறிப்புகள் எஞ்சியிருக்கின்றன. ஏப்ரல் மாதத்தில் பகலில் இளவெயிலும் இரவில் குளிரும் இருக்கும். கிரேக்கத்தில் மழை மிகுந்த தீவுகளில் ஒன்று என்பதால், மெல்லிய மழைச்சட்டையும் கம்பளி மேலாடையும் வேண்டும். கூட்டத்தில் குடை பிறர் கண்ணைக் குத்தும், தவிர்க்கவும். வெள்ளியும் திங்களும் அரசு விடுமுறை, வங்கிகள் திறக்கா. வியாழனன்றே தேவையான பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைக் கூடுதலாகவே கொண்டுசெல்லுங்கள். அவசர உதவிக்கு 112. குடும்பமாகச் செல்பவர்கள், பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தைக் கூட்டத்துக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். திடலின் இசை மேடையைவிட, பழைய கோட்டைப் பாலத்தின் முகப்பு இதற்கு ஏற்றது. ஞாயிறு மாலையிலும் திங்களன்றும் கப்பல்களும் விமானங்களும் நிரம்பியிருக்கும் என்பதால், திரும்பும் சீட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு எடுத்தால் விலையும் குறையும். திங்களன்று கனோனி முனைக்குப் பேருந்தில் போய், விலாஹெர்னா மடத்தையும் எலித்தீவையும் நிதானமாகப் பார்த்து வரவும் நேரம் கிடைக்கும்.